அந்தப் பஸ்ஸில் இடம் இருந்தது

தம்பி, நீ கொடுத்துவிட்டுப் போன நாவலை நேற்று அந்தியில் படித்து முடித்தேன். கட்டுநாயக்க விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும்போதுகூட, "அம்மா, அச்சுக்குப் போறதுக்கு முந்திப் படிச்சிட்டுச் சொல்லுங்க. ஒளிக்காமச் சொல்லணும்" என்று கண்ணாடிக் கதவு வரைக்கும் திரும்பித் திரும்பிச் சொன்னாய். லண்டன் போய்ச் சேர்ந்தபின் போனில் கேட்டபோதெல்லாம் "படிச்சிக்கிட்டிருக்கேன் ராசா" என்று தள்ளிப் போட்டேன். மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது என்கிறாய், இனித் தள்ளிப் போட முடியாது. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளின் கொப்பியைத் திருத்தியவள் இல்லையா, சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். ஒற்றுப்பிழை நிறைய விடுகிறாய், அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். அந்தப் பெண் பனிக்குள்ளிருந்து பஸ்ஸில் ஏறும் இடம் வந்ததும் பேனாவை மூடிவிட்டேன். அதற்குமேல் திருத்துகிறவளாகப் படிக்க என்னால் முடியவில்லை.

இதை உனக்கு மட்டும் எழுதி உறையில் போட்டு ஒட்டியிருக்கலாம். வேண்டுமென்றுதான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நீ நாவலாக்கியிருக்கும் அந்தப் பேய்க் கதையை உன் அப்பா யாரிடம் சொல்லாமல் விட்டார்? லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராக்காரர்களுக்குச் சொன்னார். தேத்தண்ணிக் கடையில் சொன்னார். கல்யாண வீட்டில் இலை போடும் முன்னால் சொன்னார். செத்த வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவர்களைக்கூட விடவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் என்னிடம் வந்து, "டீச்சர், ஒங்க வூட்டுப் பேய்க் கதையைச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் போய் ஒரு வருடத் திவசமும் முடிந்துவிட்டது. இனி நான் வாயைத் திறந்தால் அவர் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டியதில்லை. கதை ஊரெல்லாம் சுற்றியது, அதற்குப் பதில் மட்டும் ஏன் முந்தானைக்குள் ஒளிந்து போகவேண்டும்?

உனக்கு இந்த மாதிரிக் கதைகளின்மேல் சின்ன வயதிலிருந்தே ஒரு கிறுக்கு. ஹட்டனில் பழைய புத்தகம் விற்றவரிடம் வாங்கி வாங்கிக் கட்டிலுக்கு மேலே அடுக்கினாய். பனியில் புதைந்த ரயில், புயலில் கரை தெரியாமல் நிற்கும் கப்பல், பாலம் உடைந்து ஆற்றோரம் நின்றுபோன வண்டி, எதுவானாலும் கொஞ்சம் பேர் ஓரிடத்தில் அடைபட்டிருக்க வேண்டும், வெளியே போக வழி இருக்கக் கூடாது. "கதவைச் சாத்தினதுக்கப்புறந்தாம்மா மனுசன் யாருன்னு தெரியும்" என்பாய். அத்தனை புத்தகத்தையும் நீ இல்லாத நேரத்தில் நானும் படித்தேன், உனக்குத் தெரியாது. படித்ததில் ஒன்றைக் கவனித்தேன். அடைபட்ட கூட்டத்தில் யாராவது ஒருவர் வெளியாள். வேற்று நாட்டுக்காரன், வேறு சாமி கும்பிடுகிறவள், பேச்சு விளங்காதவன், இப்படி ஏதாவது. ஒரு பொருள் காணாமல் போனால் எல்லோர் கண்ணும் அந்த ஆளிடம் போகும். நல்ல நாவலாக இருந்தால் கடைசியில் அந்த ஆள் குற்றவாளி இல்லை என்று முடியும். அப்போதும் எழுதியவர் அந்த ஆளின் மனசுக்குள் ஒரு பக்கம்கூடப் போயிருக்க மாட்டார். மற்றவர்களுக்குக் கவலை, ஆசை, பழைய காதல் எல்லாம் உண்டு, அந்த ஆளுக்குச் சட்டையும் வாசமும் மட்டும்தான். நீயும் அதையேதான் செய்திருக்கிறாய். உன் பஸ்ஸில் கோழிக்கூடைக்காரிக்குக்கூட ஒரு அத்தியாயம் கொடுத்திருக்கிறாய். பனிக்குள்ளிருந்து ஏறியவளுக்கு ஒரு வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், தரையில் படாத கால். வேறு ஒன்றும் இல்லை.

நாவலைப் படிக்காதவர்களுக்காக அப்பாவின் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். உன் பெரியப்பா ராமையாவுக்கு பெக்டரியில் தேயிலைத் தூசு ஒத்துக்கொள்ளாமல் இழுப்பு வந்துவிட்டது. அப்போது அப்பாவுக்குக் கல்யாணமாகவில்லை. அண்ணனைக் கண்டி ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு நுவரெலியா பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். விடாத மழை. இறம்பொடை வளைவுகளில் ஏறும்போது முன்னால் மண் சரிந்து பாதையை மூடியது. டிரைவர் பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கப் பார்த்தால் பின்னாலும் சரிந்துவிட்டது. பனி வந்து சன்னலை அடைத்ததும் பகலிலேயே இருட்டு. முதலில் சிரித்துப் பேசி முறுக்கைப் பங்கு போட்டவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தார்கள். அப்புறம் யாரோ, பொரித்த இறைச்சி வாசம் வருகிறது என்றார்கள். நம் பக்கத்தில் இறைச்சியோ எண்ணெய்ப் பண்டமோ கொண்டுபோனால் பார்சலுக்குள் ஒரு கரித்துண்டு வைப்போம், வைக்காவிட்டால் ஏதாவது பின்னாலேயே வரும் என்று பயம். பார்சல் ஒரு முஸ்லிம் புடவை வியாபாரியுடையது, நானா என்று கூப்பிடுவோம். "கரி வச்சீங்களா நானா?" என்று கேட்டார்கள். "அவசரத்துல மறந்துட்டேன்" என்றார் அவர். அவ்வளவுதான், மலை சரிந்ததற்கே அந்தப் பார்சல்தான் காரணம் என்று ஆகிவிட்டது. அவர் கையாலேயே அதை வெளியே எறிய வைத்தார்கள். எறிந்த கொஞ்ச நேரத்தில் அவள் வந்து பஸ் வாசலில் நின்றாள்.

அப்பா இந்த இடத்தில் குரலைத் தணிப்பார், ஞாபகம் இருக்கிறதா? ஈரக் கூந்தல் விரிந்து கிடக்கிறது. காலில் செருப்பில்லை, நெற்றியில் பொட்டில்லை. யார் என்று கேட்டால் வாயைத் திறக்கிறாள், காற்று மட்டும் வருகிறது. கோழிக்கூடை வைத்திருந்த அம்மா அவள் சேலையைப் பார்த்துவிட்டு அலறினாள். "ஐயோ சாமி, இது சரோசா கட்டின சேலை! புள்ளப் பேத்துல செத்துப்போனாளே, அந்தப் புள்ள பொங்கலுக்குக் கட்டின சேலை!" பிள்ளை பெறும்போது செத்தவள் அடங்க மாட்டாள், மோகினியாக வருவாள் என்ற பயம் நம் மலையில் தமிழருக்கும் உண்டு, சிங்களவருக்கும் உண்டு. சிங்கள டிரைவர், "நங்கி, பஹின்ன, பஹின்ன" என்று, தங்கச்சி இறங்கு இறங்கு என்று, கதவைக் காட்டிக் கெஞ்சினார். எல்லோரும் சேர்ந்து அவளை இறக்கிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். அப்புறம் அந்தி மங்கும் நேரத்தில் வெளியே ஒரு குரல் கூப்பிட்டது. "ராமையா..." கொஞ்சம் கழித்து மறுபடியும், "ராமையா..." பேய் இரண்டு தடவைக்குமேல் பெயர் சொல்லிக் கூப்பிடாது, மனிதன்தான் மூன்றாவது தடவையும் கூப்பிடுவான், அதற்கு முன்னால் பதில் சொன்னால் உயிர் அதோடு போய்விடும் என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்? பெரியப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். அப்பா அவர் வாயைப் பொத்திக்கொண்டார். மூன்றாவது கூப்பாடு வரவில்லை. பாதை திறக்கும் முன்னால் பெரியப்பாவின் மூச்சு நின்றுவிட்டது. "பதில் சொல்லலைன்னாலும் கொண்டுக்கிட்டுப் போயிருச்சு பாரு" என்று அப்பா முடிப்பார். உன் நாவலும் அந்த வரியோடுதான் முடிகிறது.

அந்தப் பெண் நான்தான், தம்பி.

கையிலிருந்ததைக் கீழே வைத்திருப்பாய். எடுத்துக்கொள், இன்னும் இருக்கிறது. சரோஜாவும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். நான் வாத்தியார் வேலைக்குப் போனேன், அவள் கல்யாணம் முடித்து இறம்பொடைக்கு மேலே ஒரு தோட்டத்துக்குப் போனாள். அவள் செத்த தகவல் கிடைத்து நான் போனபோது தூக்குவதற்குத் தயாராக வைத்திருந்தார்கள். எனக்கு ஒப்பாரி வைக்கத் தெரியாது, வெறுமனே கத்தினேன். அவளைக் கொண்டுபோன பின்னாலும் கத்தினேன். தொண்டை கட்டி, பேசினால் காற்றுத்தான் வந்தது. செத்த வீட்டில் தலை முழுகியபின் மாற்றுவதற்கு என்னிடம் துணி இல்லை. சரோஜாவின் அம்மா பெட்டியைத் திறந்து அவளுடைய சேலையை எடுத்தார். "இதக் கட்டிக்கிட்டுப் போ புள்ள. ஏம் மக நடந்து போற மாதிரி இருக்கும், நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்" என்றார். வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்? மாம்பழ மஞ்சள், பச்சைக் கரை. வெள்ளை என்பது உன் அப்பா பின்னால் சேர்த்துக்கொண்டது. தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா வாசலில் நின்று சரோஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தார், என்னையில்லை. அப்புறம் பனி வந்து மறைத்துவிட்டது.

சேற்றில் செருப்புப் புதைந்து போயிற்று. பாதைக்கு வந்தால் பஸ் நிற்கிறது, உள்ளே மஞ்சளாக லைட் எரிகிறது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மனிதர்கள் இருக்கிறார்கள், உட்காரலாம், அழலாம் என்று ஏறினேன். ஏறியதும் பேச்சு நின்றது. நானா மட்டும் தன் புடவை மூட்டையை நகர்த்தி இடம் விட்டார். உட்காரப் போனேன், அதற்குள் இன்னொருவர் பையைத் தூக்கி அங்கே வைத்துவிட்டார். நானா என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். சற்று முன்னால்தான் அவர்மேலிருந்த பழி இறங்கியிருந்தது, மறுபடி தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள அவருக்கும் தைரியமில்லை. நான் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா அலறியபோது, இது சரோஜாவின் அம்மா கொடுத்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்த சத்தத்தைக் கேட்டு எனக்கே பயமாக இருந்தது.

பிறகு எல்லோரும் குனிந்தார்கள். ஏன் குனிகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஒவ்வொருவராக என் காலைப் பார்க்கிறார்கள். பேய்க்குக் கால் தரையில் படாதாமே! சேலையோ நிலத்தை மூடிக்கொண்டு கிடக்கிறது. என் முகத்தை ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை, தம்பி. அத்தனை கண்ணும் கீழேயே இருந்ததில், நானும் கீழே பார்த்தேன். குளிரில் மரத்துப்போய்ப் பாதம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. தரையை அழுத்திப் பார்த்தேன், எனக்கு எதுவும் படவில்லை. சன்னல் பக்கம் திரும்பினால் கண்ணாடியில் மற்றவர்களின் நிழல் தெரிகிறது, நான் நின்ற இடத்தில் வெறும் நீராவி. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் நானே நம்பிவிட்டேன். செத்தது சரோஜா இல்லை போலிருக்கிறது, நான்தான் போலிருக்கிறது, எனக்குத்தான் இன்னும் யாரும் சொல்லவில்லை என்று நினைத்தேன். ஒரு பஸ் நிறைய ஆட்கள் சேர்ந்து ஒன்றை நம்பினால், நம்பப்படுகிற ஆளும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவாள். உன் புத்தகங்களில் இதை யாரும் எழுதவில்லை.

அந்த அமைதியில் ஒரு சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. முன் சீட்டில் ஒருவருக்கு மூச்சு இழுத்தது. பக்கத்தில் இருந்தவர், "ராமையாண்ணே, மெதுவா விடுண்ணே, மெதுவா" என்றார். நான் அந்த நோயாளியைப் பார்த்தேன். நான் பார்ப்பதைக் கண்டதும் தம்பிக்காரர் எழுந்து, தன் உடம்பால் அண்ணனை மறைத்துக்கொண்டு நின்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் முதுகுதான். அதுதான் உன் அப்பாவை நான் முதன்முதலில் பார்த்தது. பிறகு என்னைக் கையால் தொடப் பயந்து, நானாவின் குடையைப் பிடுங்கி அதன் நுனியால் வாசலுக்குத் தள்ளினார்கள். தள்ளியது யார் என்று தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் இஷ்டமில்லை. நான் இறங்கி, கதவு சாத்தியபின் அந்தக் குடை சன்னல் வழியாக வந்து என் காலடியில் விழுந்தது. நானாதான் எறிந்திருக்க வேண்டும். பொத்தென்று விழுந்த சத்தத்தில்தான் எனக்குக் கால் இருப்பது ஞாபகம் வந்தது.

கோபம் வந்ததா என்று கேட்பாய். வந்தது, நன்றாகவே வந்தது. ஆனாலும் அந்த மூச்சுச் சத்தம் காதிலேயே நின்றது. குறுக்குப் பாதையில் மேலேறி, முதலில் தெரிந்த லயத்தில், முதல் காம்பராக் கதவைத் தட்டினேன். இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் திறந்தாள். "அடியாத்தி! யாரு பெத்த புள்ள இது, இப்பிடி நனைஞ்சு போயி?" என்று கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனாள். அவள் என் காலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள். பேச முடியாததால் அவள் வீட்டுப் பிள்ளையின் சிலேட்டை வாங்கி எழுதினேன்: நான் டீச்சர், பஸ் மண்ணில் அடைபட்டிருக்கிறது, ராமையா என்று ஒருவருக்கு இழுப்பு, சாகக் கிடக்கிறார். அவள் புருஷனும் இன்னும் சிலரும் டோர்ச்சும் கம்பளியும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். திரும்பி வந்து சொன்னார்கள்: "நீங்க வந்த குறுக்குப் பாதையிலயும் மண்ணு சரிஞ்சு மறிச்சுக் கெடக்கு டீச்சர், அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல. பேரச் சொல்லி ரெண்டு கூப்பாடு போட்டுப் பாத்தோம், ஒரு சத்தமும் இல்ல. மேல இருந்து கல்லு உருளுது, அதுக்குமேல நிக்க முடியல. ஆளுங்க பின்னுக்கு எறங்கிப் போயிருப்பாங்க." நானும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன். ராமையா பிழைத்துவிட்டார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பதில் கேட்டிருந்தால் அவர்கள் எப்படியாவது மண்ணைத் தாண்டிப் போய் அவரைத் தூக்கியிருப்பார்கள். அடுத்த தோட்டத்து டிஸ்பென்சரி அங்கிருந்து கூப்பிடு தூரம்.

பிற்பாடு உன் அப்பா வீட்டில் வந்து என்னைப் பெண் பார்த்தார்கள். தலையை வாரி, பொட்டு வைத்து, தொண்டை சரியாகி நன்றாகச் சிரித்துப் பேசுகிற டீச்சரம்மா. அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கும் அந்த முதுகு ஞாபகம் இல்லை. அண்ணன் ஒருவர் இழுப்பில் செத்துப்போனார் என்று மட்டும் சொன்னார்கள். கல்யாணத்துக்குப்பின் வந்த முதல் திவசத்தன்று படைத்துச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அப்பா அந்தக் கதையைச் சொன்னார். நீ என் வயிற்றில் இருந்தாய். இறம்பொடை என்றதும் நிமிர்ந்தேன். கரித்துண்டு, நானா, சேலை என்று ஒவ்வொன்றாக வரவர என் பாதம் மறுபடி மரத்துக்கொண்டே வந்தது. "ராமையான்னு ரெண்டு தடவ கூப்பிட்டுச்சு" என்றார். அந்த இடத்தில் எனக்குக் கதையின் இரண்டு பாதியும் சேர்ந்துவிட்டது. அவருக்கு ஒரு பாதிதான் தெரியும். சிலேட்டில் அந்தப் பெயரை எழுதியது நான், கூப்பிட்டது மனிதர்கள், வாயைப் பொத்தியது அவர். "என்ன புள்ள நடுங்குற, பயமா இருக்கா?" என்று சிரித்தார். "ஆமாங்க" என்றேன்.

சொல்லியிருக்கலாமே என்பாய். என்னவென்று சொல்வது? "வந்தது பேயில்லைங்க, உங்க அண்ணனைக் காப்பாத்த வந்த ஆளுங்க, பதில் வந்திருந்தா அவர் பிழைச்சிருப்பார்" என்றா? அந்த மனிதன் தன் கையை வெட்டி எறிந்திருப்பார். தூக்கத்தில்கூட அவர் அண்ணனைக் கூப்பிடுவது உனக்குத் தெரியும். அவருக்கு ஒரு பேய் தேவைப்பட்டது, தம்பி. பேய் இல்லாவிட்டால் அந்தச் சாவுக்கு அவர் மட்டும்தான் மிச்சம். சரி, இருந்துவிட்டுப் போகட்டும், நான் பேயாகவே இருந்துகொள்கிறேன் என்று முடிவு செய்தேன். பெரிய தியாகம் என்று நினைத்துவிடாதே, சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். வருடா வருடம் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஒன்று கூடிக்கொண்டே போகும். சேலை வெள்ளையாயிற்று, கால் தரையை விட்டு எழும்பிற்று, ஒரு தீபாவளிக்குப் பல்லும் நீண்டுவிட்டது. நான் குசினியில் இருந்து கேட்டுக்கொண்டே பலகாரம் சுடுவேன். சுட்டு முடித்துப் பக்கத்து வீடுகளுக்குப் பார்சல் கட்டும்போது, "கரி வச்சியா புள்ள?" என்று அப்பா கேட்பார்.

நீயோ அந்தக் கதையைக் கேட்டுவிட்டு அந்திக்குமேல் கக்கூசுக்குத் தனியாகப் போகமாட்டாய். "அம்மா, அது வந்துட்டா?" என்று என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாய். வராது ராசா, நான் இருக்கிறேனே என்பேன். நீ பிடித்திருந்தது அதனுடைய கையைத்தான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தொட்டில் கட்ட மெல்லிய பழஞ்சேலை தேடியபோது சரோஜாவின் மஞ்சள் சேலையைத்தான் எடுத்தேன். அவள் பிள்ளைக்குக் கட்டக் கொடுத்துவைக்காத தொட்டில். அதில் உன்னைப் போட்டு ஆட்டிக்கொண்டே அப்பா அந்தப் பேய்க் கதையைச் சொல்வார். கதை ஓடும், அந்தச் சேலை ஆடும், நீ தூங்குவாய்.

அப்பாவுக்குத் தெரியவே தெரியாது என்றுதான் போன வருடம் வரை நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் அவருடைய கடைசி நாட்களில் ஒரு மத்தியானம், குளிர்கிறது என்றார். கொண்டுபோயிருந்த பையில் போர்வைக்கு அடியில் அந்தச் சேலையை மடித்து வைத்திருந்தேன், மெத்தென்று இருக்கும் என்று. எடுத்துப் போர்த்தினேன். கரையை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு பார்வை நான் பார்த்ததில்லை. மெதுவாக, கஷ்டப்பட்டு, கட்டிலில் ஒதுங்கிப் படுத்தார். பக்கத்தைத் தட்டிக் காட்டினார். "உக்காருங்க" என்றார். "எடம் இருக்கு. உக்காருங்க." என்னை ஒரு நாளும் அவர் 'ங்க' போட்டுக் கூப்பிட்டதில்லை. அது வீட்டுக்காரிக்குச் சொன்னதில்லை, பஸ்ஸில் ஏறிய ஒரு வேற்றுப் பெண்ணுக்குச் சொன்னது. மருந்து மயக்கமா, எப்போதோ தெரிந்துகொண்டு என்னைப்போலவே அவரும் ஒளித்து வைத்திருந்தாரா, நான் கேட்கவில்லை. உட்கார்ந்தேன். அழுதேன், சத்தமாகவே அழுதேன், நர்ஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இப்போது உன் நாவலுக்கு வருகிறேன். அப்பாவுக்காகக் கதையை மறைக்காதே. எனக்காக அப்பாவைக் கெட்டவனாகவும் ஆக்காதே. அந்தப் பஸ்ஸில் கெட்டவர் என்று யாரும் இருக்கவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் ஆளைக் காப்பாற்றப் பார்த்தார்கள். அண்ணனை மறைத்து நின்ற அதே அன்புதான் அவர் வாயைப் பொத்தியது. அந்தக் கையை எழுது, அது எவ்வளவு ஆசையாகப் பொத்தியது என்பதையும் எழுது. நானாவுக்குப் பழி இறங்கியதும் வந்த நிம்மதியை எழுது, அந்தக் குடையையும் எழுது. கடைசியில் ஏறியவளுக்கு ஒரு அத்தியாயம் கொடு. அவள் நல்லவள் என்று நிரூபிக்க வேண்டாம், அவள் தொண்டை ஏன் கட்டியது என்று மட்டும் சொன்னால் போதும். சேலையை மஞ்சளாக்கிவிடு. கடைசி வரியை அடித்துவிடு, அது பொய்.

போன வாரம் போனில் நீ சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். "ட்ரெய்ன்ல எம் பக்கத்து சீட்டு எப்பவும் காலியாத்தாம்மா இருக்கும். நின்னுக்கிட்டு வந்தாலும் வருவாங்க, உக்கார மாட்டாங்க. நல்லதுதான், பையை வச்சிக்கிறேன்" என்றாய். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு நெடுநேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் உன் பையைப் பார்ப்பார்கள், தாடியைப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும். நீ மட்டும் குனிந்து உன்னையே சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்துவிடாதே, காலைத் தரையில் நன்றாக ஊன்றிக்கொள். பையை எடுத்து மடியில் வை, அந்த இடம் காலியாக இருப்பது தெரியட்டும். என்றைக்காவது ஒரு நாள் வண்டி நடுவழியில் நின்று, நனைந்த ஆள் ஒருவர் ஏறினால், மற்றவர்கள் என்ன சொன்னாலும் முதலில் முகத்தைப் பார். வெளியே யாராவது கூப்பிட்டால் மூன்றாவது தடவை வரைக்கும் காத்திருக்காதே, அவருக்கு மூன்றாவது தடவை கூப்பிட நேரம் இருக்காது.

இங்கே ஹட்டனில் இப்போது அந்தி மழை. நீயும் இல்லை, அப்பாவும் இல்லை, பனி நேராக வாசல்படி வரைக்கும் வந்துவிடுகிறது. கொஞ்ச நாளாக அந்த நேரத்தில் தேயிலைப் பக்கமிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஒரு தடவைதான், அதற்குமேல் இல்லை. உன் அத்தையிடம் சொன்னால், "வாயத் தொறந்துராதீங்க அண்ணி, கதவச் சாத்திக்கிட்டு இருங்க" என்று நடுங்குகிறாள். நேற்று உன் நாவலின் கடைசித் தாளைக் கவிழ்த்து வைத்தபோதும் கூப்பிட்டது. எழுந்து போய்க் கதவை அகலத் திறந்தேன். பனிதான் நின்றது, ஆள் தெரியவில்லை. "இருக்கேங்க" என்றேன். "உள்ள வாங்க, எடம் இருக்கு."